பட்டறையில் பிறந்த எதிர்காலம்: 1982இன் அறிவியல் புனைகதைப் படங்கள்

1982ஆம் ஆண்டு ஜூன் 4ஆம் தேதிக்கும் ஜூலை 9ஆம் தேதிக்கும் இடைப்பட்ட ஐந்து வாரங்களில், அறிவியல் புனைகதைத் திரைப்படங்களின் வரலாற்றை எழுதும் எவரும் தாண்டிச் செல்ல முடியாத ஐந்து படங்கள் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்தன. ஜூன் 4 அன்று ‘ஸ்டார் டிரெக் 2: தி ராத் ஆஃப் கான்’, ஜூன் 11 அன்று ‘இ.டி.’, ஜூன் 25 அன்று ஒரே நாளில் ‘பிளேடு ரன்னர்’, ‘தி திங்’ ஆகிய இரண்டும், ஜூலை 9 அன்று ‘டிரான்’. இவற்றுள் ‘இ.டி.’ அதுவரை எந்தப் படமும் ஈட்டாத வசூலை ஈட்டியது. ‘ஸ்டார் டிரெக்’ நல்ல லாபம் பார்த்தது. மற்ற மூன்றும் தயாரித்தவர்களுக்கு ஏமாற்றத்தையே தந்தன. நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு, ஏமாற்றம் தந்த அந்த மூன்று படங்களும்தான் திரைப்படக் கல்லூரிகளில் காட்சி காட்சியாகப் பிரித்துப் படிக்கப்படுகின்றன.

கோவையிலோ ஈரோட்டிலோ திரைப்பட ஆர்வலர்கள் கூடும் இடங்களில் இந்த ஆண்டைப் பற்றிப் பேச்சு வந்தால், பொறியியல் படிக்கும் இளைஞர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: கணினி வரைகலை ஏறக்குறைய இல்லாத காலத்தில் எடுத்த படங்கள் இன்றும் பழையதாகத் தெரியாதது எப்படி? இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் விடை, அந்த இயக்குநர்களின் மேதைமை என்பதாகும். அது பாதி விடைதான். அந்தப் படங்களை எடுத்தவர்களிடம் என்ன கருவி இருந்தது, எந்தப் பொருளைக் கொண்டு இல்லாத ஒன்றை இருப்பதாகக் காட்டினார்கள் என்பதைப் பார்த்தால்தான் மீதி விடை கிடைக்கும். கையில் இருந்த செய்முறை கதையின் தோற்றத்தை மட்டும் தீர்மானிக்கவில்லை. பல இடங்களில் கதை எதைப் பற்றியது என்பதையே அது தீர்மானித்தது. ஐந்து படங்களையும் இந்தக் கோணத்தில் பார்ப்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

இப்படி நடப்பதற்குக் கொங்கு நாட்டிலேயே ஒரு முன்மாதிரி உண்டு. திருச்செங்கோட்டைச் சேர்ந்தவரும், இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஜவுளித் தொழில்நுட்பம் படித்துத் திரும்பியவருமான டி. ஆர். சுந்தரம், சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனத்தை நடத்திவந்த காலத்தில், 1952இல் அமெரிக்க இயக்குநர் வில்லியம் பெர்க்குடன் சேர்ந்து ‘தி ஜங்கிள்’ என்ற ஆங்கிலப் படத்தைத் தயாரித்தார். தமிழில் அது ‘காடு’. ராட் கேமரன், சீசர் ரொமேரோ, மேரி விண்ட்சர் ஆகிய ஹாலிவுட் நடிகர்கள் நடித்த அந்தப் படத்தில், மறைந்துபோன உயிரினமாகிய மாமதம் என்னும் அடர்மயிர் யானை இந்தியக் காட்டில் மீண்டும் தோன்றுகிறது. இந்தியாவின் முதல் அறிவியல் புனைகதைப் படம் என்று அதைக் குறிப்பிடுவோர் உண்டு. மாமதத்தை எப்படிக் காட்டினார்கள்? பழக்கிய யானைகளின் மேல் கம்பளி மயிரைப் போர்த்தி நடக்கவிட்டார்கள். கையில் யானை இருந்ததால் கதைக்குள் மாமதம் வந்தது. யானை இல்லாத ஊரில் அந்தக் கதையை யாரும் யோசித்தே இருக்க மாட்டார்கள். முப்பது ஆண்டுகள் கழித்து, பல மடங்கு பெரிய செலவில், அமெரிக்காவிலும் நடந்தது இதே வகையான காரியம்தான்.

இத்தனை படங்கள் ஒரே கோடையில் வந்து குவிந்ததற்குக் காரணம் எளியது. 1977இல் ‘ஸ்டார் வார்ஸ்’, ‘குளோஸ் என்கவுண்டர்ஸ்’ ஆகிய இரண்டும், 1979இல் ‘ஏலியன்’ படமும் அடைந்த வெற்றி, அதுவரை குறைந்த செலவில் எடுக்கப்பட்டு வந்த இந்த வகைப் படங்களில் பெரும் பணத்தைப் போடலாம் என்ற துணிவைத் தயாரிப்பு நிறுவனங்களுக்குத் தந்தது. கதை எழுதி, வடிவமைத்து, மாதிரிகள் செய்து, படமெடுத்து முடிக்க இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். 1979, 1980 ஆண்டுகளில் ஒப்புதல் பெற்றவை 1982இல் வெளியாயின. இதற்கிடையில் தொழில்நுட்பமும் முதிர்ந்திருந்தது. குறிப்பாக, ஒரே பாதையில் கேமராவை எத்தனை முறை வேண்டுமானாலும் மயிரிழை பிசகாமல் ஓட்டக்கூடிய, மோட்டாரால் இயங்கும் கேமரா அமைப்பு ‘ஸ்டார் வார்ஸ்’ காலத்தில் பயன்பாட்டுக்கு வந்திருந்தது. ஒரு மாதிரிக் கட்டடத்தை ஒரு முறை அதன் உருவத்துக்காகவும், படச்சுருளைப் பின்னோக்கிச் சுற்றி மறுமுறை அதன் சன்னல் விளக்குகளுக்காகவும், மூன்றாம் முறை புகைக்காகவும் படமெடுத்து, எல்லாவற்றையும் ஒரே சட்டத்துக்குள், அதாவது ஒரே ஃபிரேமுக்குள், அடுக்க இதனால் முடிந்தது.

இந்த அடுக்கும் கலையின் உச்சம் ரிட்லி ஸ்காட் இயக்கிய ‘பிளேடு ரன்னர்’. பிலிப் கே. டிக் 1968இல் எழுதிய நாவலைத் தழுவிய இந்தப் படம், 2019 நவம்பர் மாதத்து லாஸ் ஏஞ்சல்ஸில் நடக்கிறது. உயிரித் தொழில்நுட்பத்தால் செய்யப்பட்ட, நான்கே ஆண்டு ஆயுள் கொண்ட செயற்கை மனிதர்கள் தப்பி வந்து, தங்களைப் படைத்தவனிடம் கூடுதல் ஆயுளைக் கேட்கிறார்கள். அவர்களைத் தேடிக் கொல்வது நாயகனின் வேலை. படம் வெளியாவதைக் காணாமலே, அந்த ஆண்டு மார்ச் 2 அன்று டிக் இறந்துபோனார்.

படத்தின் தொடக்கத்தில், கண்ணுக்கெட்டிய தூரம் வரை எரிகொழுந்துகளைக் கக்கும் கோபுரங்கள் நிறைந்த தொழிற்சாலைப் பரப்பு ஒன்று விரிகிறது. அந்தக் காட்சி ஒரே அறைக்குள் அடங்கிய மாதிரி. பித்தளைத் தகடுகளை அமிலத்தால் அரித்து வெட்டிய கோபுர வடிவங்களை வரிசை வரிசையாக நட்டு, பின்னால் போகப் போக அளவைக் குறைத்து, தொலைவு என்ற மாயையை உண்டாக்கினார்கள். விளக்குகளுக்காக ஆயிரக்கணக்கான கண்ணாடி இழைகளை அடியிலிருந்து செருகினார்கள். அறையைப் புகையால் நிரப்பினார்கள். காற்றில் தூசு இருந்தால்தான் தொலைவில் இருப்பவை மங்கலாகத் தெரியும், புகை அந்தத் தூசின் வேலையைச் செய்தது. எரிகொழுந்துகளைத் தனியே படமெடுத்து, மாதிரியின் மேல் பொருத்திய சிறு திரைகளில் வீசிப் பதிவு செய்தார்கள். டக்ளஸ் டிரம்புல் தலைமையிலான குழு இந்தக் காட்சிகளை 65 மில்லிமீட்டர் அகலச் சுருளில் எடுத்தது. பல முறை அடுக்கினாலும் படத்தின் தெளிவு குறையாமல் இருந்ததற்கு அதுவே காரணம். நகரத்தின் பின்புலத்தில் நிற்கும் கட்டடங்களுள் ஒன்று, ‘ஸ்டார் வார்ஸ்’ விண்கலத்தின் மாதிரியைச் செங்குத்தாக நிறுத்திச் செய்தது.

தெருக்காட்சிகளின் கதை இதைவிடச் சுவையானது. அவை வார்னர் நிறுவன வளாகத்தில் இருந்த, பல பழைய படங்களில் வந்துபோன ‘நியூயார்க் தெரு’ என்ற நிரந்தர அரங்கத் தெருவில் எடுக்கப்பட்டன. பகல் வெளிச்சத்தில் பார்த்தால் அது அரங்கம் என்பது தெரிந்துவிடும். தெருமுனைக்கு அப்பால் காட்டுவதற்கும் ஒன்றும் இல்லை. ஆகவே இரவில் எடுத்தார்கள், புகையை விட்டார்கள், மழையைப் பொழியச் செய்தார்கள். அரங்கத்தின் குறையை மறைக்க வந்த அந்த மழை பிறகு படம் முழுவதும் நின்றது. இறுதியில், செயற்கை மனிதர்களின் தலைவனாக நடித்த ரட்கர் ஹாயர் இறக்கும் தறுவாயில் பேசும் புகழ்பெற்ற சிறு உரை, தன் நினைவுகள் மழையில் கரையும் கண்ணீர் போல மறையும் என்பதாக முடிகிறது. படப்பிடிப்புக்கு முந்தைய இரவில் திரைக்கதையில் இருந்த வசனத்தைச் சுருக்கி, அந்த வரியைச் சேர்த்தவர் ஹாயரே. மழை கொட்டும் அரங்கில் பல வாரங்கள் நனைந்த நடிகருக்கு அந்த உவமை தோன்றியது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. அட்டைச் சுவரை மறைக்கக் கொண்டுவந்த தண்ணீர் படத்தின் இதயமாகிவிட்டது.

‘பிளேடு ரன்னர்’ காட்டும் உலகில் விலங்குகள் ஏறக்குறைய அழிந்துவிட்டன; உண்மையான ஆந்தை வைத்திருப்பது செல்வத்தின் அடையாளம். வானம் தெளிவதில்லை. தொழில் வளர்ச்சிக்கு ஒரு நகரம் கொடுக்கும் விலையைப் பற்றிய இந்தப் பகுதியை, நொய்யல் கரையில் வாழும் நம்மால் கற்பனை என்று ஒதுக்கிவிட முடியாது. 1992இல் பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கியதையும், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதையும் கண்ணால் பார்த்த தலைமுறை இங்கே இருக்கிறது. வேலையும் தந்து நீரையும் கெடுத்த ஒரு தொழிலோடு வாழ்ந்தவர்களுக்கு, ஸ்காட்டின் நகரம் ஏன் அழகாகவும் அச்சமூட்டுவதாகவும் ஒருசேர இருக்கிறது என்பது எளிதில் புரியும்.

அதே ஜூன் 25 அன்று வெளியான ‘தி திங்’ முற்றிலும் வேறு வகையான பட்டறையில் உருவானது. ஜான் கார்பெண்டர் இயக்கிய இந்தப் படத்துக்கு மூலம் ஜான் டபிள்யூ. கேம்பல் 1938இல் எழுதிய குறுநாவல். 1951இல் ஒரு முறை அது படமாகியிருந்தது. தென் துருவத்து ஆய்வு நிலையம் ஒன்றில், எந்த உயிரையும் அச்சு அசலாகப் போலி செய்யக்கூடிய வேற்றுக் கிரக உயிர் நுழைந்துவிடுகிறது. பன்னிரண்டு ஆண்களில் யார் மனிதன், யார் போலி என்பது யாருக்கும் தெரியாது. 1951இன் படத்தில் இந்தப் போலி செய்யும் கருத்தே இல்லை. உயரமான நடிகர் ஒருவருக்கு ஒப்பனை செய்து வேற்றுலகப் பிராணியாக உலவவிட்டார்கள், அவ்வளவுதான். மூலக்கதையின் உயிரான கருத்தைத் திரையில் காட்ட ஒரு பொருள் தேவைப்பட்டது. நுரை ரப்பர் அந்தப் பொருள்.

நுரை ரப்பர் உருவங்களைச் செய்யும் முறையைக் கோவையின் கணபதியிலோ ஆவாரம்பாளையத்திலோ உள்ள ஒரு பவுண்டரிக்காரரிடம் சொன்னால் பாதியிலேயே மீதியை அவர் சொல்லிவிடுவார். முதலில் களிமண்ணில் உருவத்தைச் செதுக்குகிறார்கள்; அது பேட்டர்ன், அதாவது மூல உருவம். அதைச் சுற்றிப் பிளாஸ்டரை ஊற்றி இரண்டு பாதியாகப் பிரியும் மோல்டு, அதாவது அச்சு, எடுக்கிறார்கள். உள்ளே ஒரு கோர், அதாவது உள் அச்சு, வைக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியில், முட்டை வெள்ளைக்கருவை அடிப்பது போல அடித்து நுரையாக்கிய ரப்பர்ப்பாலை நிரப்பி, அடுப்பில் வைத்து வேகவைக்கிறார்கள். ஆறும்போது சிறிது சுருங்கும். பம்ப்செட் வார்ப்புக்குப் பேட்டர்ன் செய்பவர் சுருக்கத்துக்கு இடம் விட்டு அளவெடுப்பது போலவே இங்கும் அளவெடுக்க வேண்டும். வார்த்தெடுத்த தோலுக்குள் கம்பி, காற்றுப்பை, நீரழுத்தக் குழாய் ஆகியவற்றை வைத்தால் அது அசைகிறது, துடிக்கிறது, பிளக்கிறது.

இந்த வேலையை ஏற்ற ராப் பாட்டினுக்கு அப்போது இருபத்திரண்டு வயதை ஒட்டியிருக்கும். ஓராண்டுக்கும் மேலாக வாரத்தின் ஏழு நாளும் உழைத்து, ஸ்டுடியோவிலேயே படுத்துறங்கி, வேலை முடிந்ததும் உடல் நொந்து மருத்துவமனையில் சேர்ந்தார். வேலை மிஞ்சிப்போனதால் நாய்க்கொட்டில் காட்சிக்கான உருவத்தை ஸ்டான் வின்ஸ்டன் செய்து கொடுத்தார். புகழ் பாட்டினுக்கே சேர வேண்டும் என்று கருதி, படத்தின் நன்றி வரியில் மட்டும் தன் பெயரை ஏற்றுக்கொண்டார். தொழில் தெரிந்தவர்களுக்கு இடையே இருக்க வேண்டிய இந்த மரியாதையை நான் பெரிதாக மதிக்கிறேன்.

படத்தின் நடுவே வரும் ஒரு காட்சியைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். மாரடைப்பால் விழுந்தவரின் நெஞ்சில் மருத்துவர் மின்னதிர்ச்சிக் கருவியை வைத்து அழுத்த, நெஞ்சு வாயாகப் பிளந்து அவருடைய இரு கைகளையும் கடித்துத் துண்டிக்கிறது. நெஞ்சு, நீரழுத்தத்தால் இயங்கும் தாடை பொருத்திய ரப்பர் உடல். கைகள் துண்டாகும் நொடியில் அங்கே இருப்பவர் நடிகர் அல்லர்; விபத்தில் இரு கைகளை இழந்த ஒருவருக்கு நடிகரின் முகமூடியை அணிவித்து, மெழுகு எலும்பும் ரப்பர் நரம்பும் வைத்த போலிக் கைகளைப் பொருத்தியிருந்தார்கள். அடுத்து, கிடப்பவரின் கழுத்து பாகு போல நீண்டு, தலை தனியே கழன்று, தரையில் இறங்கிக் கால் முளைத்து நடக்கிறது. கழுத்து நீளும் பகுதியைப் படமெடுத்தபோது, உருக்கிய பிளாஸ்டிக்கிலிருந்தும் மற்ற வேதிப்பொருள்களிலிருந்தும் எழுந்த ஆவி கேமராவுக்கு முன் வைத்திருந்த தீயில் பற்றிக்கொள்ள, செய்து வைத்த உருவம் பாழானது. மறுபடியும் முதலிலிருந்து செய்தார்கள்.

ரப்பர் என்ற பொருளின் இயல்பே இழுபடுவதும் உருமாறுவதும். தனக்கென்று ஓர் உருவம் இல்லாத உயிர் என்ற கருத்துக்கு அதைவிடப் பொருத்தமான பொருள் வேறு கிடையாது. நடிகர்கள் கையால் தொடக்கூடிய, ஈரமான, கனமான ஒன்று எதிரே இருந்ததால் அவர்களுடைய அருவருப்பும் உண்மையாக இருக்கிறது. நிலையத்தின் உட்புறக் காட்சிகளை, வெளியே லாஸ் ஏஞ்சல்ஸ் வெயில் கொளுத்தும்போது, குளிரூட்டிய அரங்கத்துக்குள் எடுத்தார்கள். மூச்சு புகையாகத் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் அத்தனை ஏற்பாடும். வெளிப்புறத்தைக் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் உள்ள ஸ்டூவர்ட் என்ற ஊரின் பனியில் எடுத்தார்கள்.

இதற்கு நேர் எதிர்முனையில் நிற்பது ‘இ.டி.’. இரண்டு படங்களையும் வெளியிட்டது ஒரே யுனிவர்சல் நிறுவனம் என்பதும், ‘தி திங்’ படத்தின் உருவங்களுக்கும் ‘இ.டி.’யின் பொம்மைக்கும் தனித்தனியே ஆன செலவு ஏறக்குறைய ஒன்றே, அதாவது சுமார் 15 லட்சம் டாலர், என்பதும் வியப்பான செய்தி. அதே பணம், அதே வகைப் பொருள்கள். ஒன்று குலைநடுங்க வைத்தது, மற்றது குழந்தைகளை அழவைத்தது. ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் முதலில் யோசித்ததும் ஒரு பண்ணை வீட்டை முற்றுகையிடும் கொடிய வேற்றுலகவாசிகளின் கதையைத்தான். அதைக் கைவிட்டு, மெலிசா மாத்திசன் எழுதிய திரைக்கதையை எடுத்தார். கார்லோ ரம்பால்டி செய்த பொம்மையால் ஓடவோ ஆடவோ முடியாது. நடக்கும் காட்சிகளில் குள்ளமான நடிகர்களும் கால்கள் இல்லாமல் பிறந்த ஒரு சிறுவனும் உருவத்துக்குள் இருந்தார்கள். விரல்களின் நுண்ணிய அசைவுக்கு ஊமைநாடகக் கலைஞர் ஒருவரின் கைகளைப் பயன்படுத்தினார்கள். பொம்மையால் நன்றாகச் செய்ய முடிந்தது கண்ணையும் கழுத்தையும் முகத்தையும் அசைப்பது. அதனால்தான் ‘இ.டி.’ ஓர் அலமாரிக்குள்ளும் படுக்கையறையிலும் நடக்கும் படமாக, முகத்தை முகம் பார்க்கும் படமாக அமைந்தது. கேமரா குழந்தையின் கண் உயரத்திலேயே இருக்கிறது. தாயைத் தவிர மற்றப் பெரியவர்களின் முகம் படத்தின் பெரும்பகுதியில் தெரிவதே இல்லை. காட்சிகளைக் கூடுமானவரை கதையின் வரிசையிலேயே எடுத்ததால், பிரியும் காட்சியில் குழந்தைகள் உண்மையாகவே ஒரு நண்பனைப் பிரிந்தார்கள்.

‘இ.டி.’யைப் பற்றி இந்திய வாசகருக்குச் சொல்ல வேண்டியது இன்னொன்று உண்டு. வங்காளக் கிராமத்துக் குளத்தில் வந்திறங்கும் வேற்றுக் கிரகவாசி ஒருவன் ஓர் ஏழைச் சிறுவனோடு நட்பாகும் திரைக்கதையைச் சத்யஜித் ராய் 1967இல் எழுதி, கொலம்பியா நிறுவனத்தின் ஆதரவோடு எடுக்க முயன்று, அது கைகூடாமல் போனது. அமெரிக்காவில் பலரிடம் அதன் பிரதிகள் உலவியிருந்தன என்றும், அது இல்லாமல் ‘இ.டி.’ உருவாகியிருக்காது என்றும் ராய் கருதினார். ஸ்பீல்பெர்க் அதை மறுத்தார். வழக்கு எதுவும் நடக்கவில்லை. ராயின் படம் எடுக்கப்பட்டிருந்தால் இந்திய அறிவியல் புனைகதையின் பாதையே வேறாக இருந்திருக்கும் என்ற ஆதங்கம் எனக்கு நீங்கவே இல்லை.

‘ஸ்டார் டிரெக் 2’ பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். 1979இன் முதல் படத்துக்குப் பெரும் செலவாகிவிட்டதால், நிக்கலஸ் மேயர் இயக்கிய இரண்டாம் படத்துக்குச் சுமார் 1.2 கோடி டாலரே ஒதுக்கினார்கள். பழைய அரங்கங்களும் பழைய மாதிரிக் காட்சிகளும் திரும்பப் பயன்பட்டன. நாயகனின் விண்கப்பலும் வில்லன் கானின் விண்கப்பலும் ஒரே அரங்கத்தை மாற்றி அமைத்தவை. இருவரின் காட்சிகளையும் மாதக்கணக்கான இடைவெளியில் தனித்தனியே எடுத்தார்கள். விளைவாக, ஜென்மப் பகைவர்களான இருவரும் படத்தில் ஒரு முறைகூட நேருக்கு நேர் சந்திப்பதில்லை. திரை வழியாகப் பேசிக்கொண்டே, நீர்மூழ்கிக் கப்பல்கள் போல ஒருவரை ஒருவர் தேடுகிறார்கள். படத்தின் இறுக்கம் அதிலிருந்தே வருகிறது. இதே படத்தில் உயிரற்ற ஒரு கோள் நெருப்பாகி, மலையும் கடலும் தோன்றிப் பசுமையாகும் சுமார் ஒரு நிமிடக் காட்சி, முழுநீளத் திரைப்படம் ஒன்றில் முற்றிலும் கணினியால் உருவாக்கப்பட்ட முதல் தொடர்காட்சி என்று சொல்லப்படுகிறது. அதைச் செய்த லூகாஸ்பிலிம் கணினிப் பிரிவுதான் 1986இல் பிக்சார் நிறுவனமாயிற்று.

கணினிக்கு முழு வாசலையும் திறந்துவிட்ட படம் ஸ்டீவன் லிஸ்பெர்கர் டிஸ்னிக்காக இயக்கிய ‘டிரான்’. கணினிக்குள் இழுக்கப்படும் ஒரு மென்பொருள் வல்லுநர், அங்கே நிரல்கள் மனித உருவில் அடிமைகளாக விளையாடிச் சாவதைக் காண்கிறார். கணினி வரைந்த காட்சிகள் படத்தில் கால் மணி நேரத்தைச் சுற்றித்தான் வரும். அன்றைய கணினிக்குப் படத்தை வரையத் தெரியும், அசைக்கத் தெரியாது. ஒரு பொருள் எங்கே இருக்கிறது என்பதற்கு மூன்று எண், எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதற்கு மூன்று எண் என்று, ஒவ்வொரு சட்டத்துக்கும் ஆறு எண்களை மனிதர்கள் காகிதத்தில் கணக்கிட்டு உள்ளிட வேண்டும். நொடிக்கு 24 சட்டம் என்ற கணக்கில், ஒரே ஒரு வாகனம் நான்கு நொடி ஓடுவதற்கு ஏறக்குறைய 600 எண்கள். தோல், துணி, புல் போன்ற நுண்ணிய பரப்புகளை அந்தக் கணினிகளால் காட்ட முடியாது. தொலைவில் உள்ளவற்றைக் கறுப்புக்குள் மறையவிடுவதே வசதி. ஆகவே கணினிக்குள் இருக்கும் உலகம் வழவழப்பான வடிவங்களும் ஒளிக்கோடுகளும் முடிவற்ற இருளும் கொண்டதாயிற்று. இன்றுவரை கணினி உலகம் என்றதும் உலகம் முழுவதும் ஓவியர்கள் வரைவது அந்தக் கறுப்பையும் நீல ஒளிக்கோட்டையும்தான்.

மனிதர்கள் வரும் காட்சிகளில் அத்தனையும் கை வேலை. நடிகர்களைக் கறுப்பு அரங்கத்தில் கறுப்பு வெள்ளையில் படமெடுத்து, ஒவ்வொரு சட்டத்தையும் பெரிய ஒளிபுகு தாளாக மாற்றி, முகத்துக்கு ஒன்று, உடையின் கோடுகளுக்கு ஒன்று என்று மறைப்புகளை வரைந்து, பின்னாலிருந்து வண்ண ஒளியைப் பாய்ச்சி மறுபடியும் படமெடுத்தார்கள். பெரும்பகுதி வரைவேலை தைவானில் ஒரு ஸ்டுடியோவில் நடந்தது. உலகின் முதல் கணினிப் படம் என்று கொண்டாடப்படும் ஒன்றில், நூற்றுக்கணக்கானவர்கள் தூரிகை பிடித்திருக்கிறார்கள். இந்தப் படத்தின் வாகனங்களை வடிவமைத்த சிட் மீட்தான் ‘பிளேடு ரன்னர்’ நகரத்தையும் வரைந்தவர். முன்பு போர்டு கார் நிறுவனத்தில் வேலை செய்தவர் அவர். எந்திரம் எப்படித் திறக்கும், எங்கே எண்ணெய் கசியும் என்று அறிந்தவரின் கோடு இரண்டு படங்களிலும் தெரிகிறது.

இந்த ஐந்தோடு 1982இன் கதை முடியவில்லை. ஆஸ்திரேலியாவில் 1981 டிசம்பரில் வெளியான ‘மேட் மேக்ஸ் 2’ 1982 மே மாதம் அமெரிக்காவுக்கு வந்தது. அதில் எந்த மாயமும் இல்லை. உண்மையான வண்டிகளை உண்மையாகவே மோதவிட்டார்கள். பிரான்சில் ரெனே லாலூ, மோபியஸ் என்ற ஓவியருடன் சேர்ந்து ‘காலத்தின் அதிபதிகள்’ என்ற பொருள்படும் உயிரோவியப் (அனிமேஷன்) படத்தைத் தந்தார். அதே மோபியஸ் ‘டிரான்’ படத்துக்கும் வரைந்தார்.

வசூலைப் பொறுத்தவரை, ‘இ.டி.’ முதல் வெளியீட்டிலேயே அமெரிக்காவில் 35 கோடி டாலருக்கு மேல் ஈட்டியது. ‘தி திங்’ ஈட்டியது 2 கோடிக்கும் சற்றுக் குறைவு. சுமார் 3 கோடி டாலர் செலவான ‘பிளேடு ரன்னர்’ உள்நாட்டில் அதைக்கூடத் திரும்ப எடுக்கவில்லை. அந்த ஆண்டின் பொருளாதாரத்தை நினைவில் வைத்தே இதைப் படிக்க வேண்டும். அமெரிக்காவில் வேலையின்மை ஆண்டின் இறுதியில் நூற்றுக்குப் பத்தைத் தாண்டியது. வேலை போன குடும்பம் ஒரு மாலைப்பொழுதுக்காகச் சீட்டு வாங்கும்போது, அன்பான விருந்தாளியின் கதைக்கும், யாரையும் நம்பாதே என்று சொல்லும் கதைக்கும் இடையே எதைத் தேர்ந்தெடுக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ‘இ.டி.’ வெளியான இரண்டே வாரத்தில் மற்ற இரண்டையும் வெளியிட்டது வணிகத் தவறு. விமர்சகர்களும் இரக்கம் காட்டவில்லை. ‘தி திங்’ குப்பை என்று ஒதுக்கப்பட்டது, அதற்கு மோரிகோனே அமைத்த இசைகூடக் கேலி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. அதை ஒரு கொடுமை என்றே சொல்வேன்.

1983இல் நடந்த ஆஸ்கர் விழாவில் சிறந்த படத்துக்கான விருது ‘காந்தி’க்குப் போயிற்று, ‘இ.டி.’ நான்கு விருதுகளைப் பெற்றது. காட்சி விளைவுகள் பிரிவில் ‘தி திங்’ படமும் ‘டிரான்’ படமும் பரிந்துரையில்கூட இடம்பெறவில்லை. கணினியைப் பயன்படுத்தியதை ஏமாற்று வேலையாகக் கருதினார்கள் என்று லிஸ்பெர்கர் பிற்காலத்தில் வருந்தினார். ‘டிரான்’ படத்தில் பணியாற்றிய கென் பெர்லின், வழவழப்பான கணினிப் பரப்புகளில் நிறைவு காணாமல், மேகம், கல், மரம் ஆகியவற்றின் ஒழுங்கற்ற தன்மையைக் கணிதத்தால் உண்டாக்கும் முறையைக் கண்டுபிடித்தார். 1997இல் அதற்காக ஆஸ்கர் வழங்கும் அதே அகாடமி அவருக்குத் தொழில்நுட்ப விருது வழங்கியது.

தோற்ற படங்களை மீட்டது வீடியோ கேசட். திரையரங்கில் ஒரு முறை பார்த்துவிட்டு மறக்கும் பழக்கம் மாறி, வீட்டில் நிறுத்தி, பின்னோக்கி ஓட்டிப் பார்க்கும் பழக்கம் வந்தபோது, ஒவ்வொரு மூலையிலும் உழைப்பு கொட்டியிருந்த ‘பிளேடு ரன்னர்’ போன்ற படங்களுக்குப் புதிய பார்வையாளர்கள் கிடைத்தார்கள். நம் பக்கத்திலும் எண்பதுகளில் டெக்கையும் கலர் டிவியையும் வாடகைக்கு எடுத்து, விடிய விடிய மூன்று நான்கு படம் ஓட்டும் வழக்கம் இருந்தது. 1982இல் கொங்கு நாட்டுத் திரையரங்குகளை நிறைத்தது ‘சகலகலா வல்லவன்’. மேற்சொன்ன ஆங்கிலப் படங்கள் என் தலைமுறையில் பலருக்கு அறிமுகமானது, பல முறை பிரதி எடுத்து நிறம் வெளுத்த கேசட்டுகளில்தான்.

இவற்றைப் புதிதாகப் பார்க்க விரும்புவோர் எந்தப் பதிப்பு என்பதைக் கவனிக்க வேண்டும். 1982இல் வெளியான ‘பிளேடு ரன்னர்’ படத்தில் தயாரிப்பாளர்களின் வற்புறுத்தலால் நாயகனின் பின்னணிக் குரலும், வேறொரு படத்துக்காக வானிலிருந்து எடுத்து மிஞ்சிய காட்சிகளைக் கொண்ட மகிழ்ச்சியான முடிவும் சேர்க்கப்பட்டிருந்தன. 1992 பதிப்பில் இரண்டும் நீக்கப்பட்டன. ஸ்காட் முழு உரிமையோடு செப்பனிட்டது 2007 பதிப்பு. அதையே பார்க்கப் பரிந்துரைக்கிறேன். ‘இ.டி.’யைப் பொறுத்தவரை 2002 பதிப்பைத் தவிர்க்கலாம். காவலர்களின் கையிலிருந்த துப்பாக்கிகளை அதில் கணினியால் வாக்கி டாக்கிகளாக மாற்றினார்கள். ஸ்பீல்பெர்க்கே பிறகு அதற்காக வருந்தி, மூலப் பதிப்பையே பார்க்கச் சொன்னார். ‘தி திங்’ படத்துக்கு முன்கதையாக 2011இல் ஒரு படம் வந்தது. அதற்காகவும் கலைஞர்கள் ரப்பர் உருவங்களைச் செய்து, அரங்கில் இயக்கிப் படமெடுத்திருந்தார்கள். பிறகு நிறுவனத்தின் முடிவால் அவற்றில் பெரும்பாலானவற்றின் மேல் கணினி உருவங்கள் பூசப்பட்டன. அந்தக் கலைஞர்கள் தாங்கள் செய்தவற்றின் காணொளிகளை இணையத்தில் வெளியிட்டார்கள். அவற்றுக்குக் கிடைத்த வரவேற்பைப் பார்த்து மக்களிடமே நிதி திரட்டி, கையால் செய்த உருவங்களை நம்பி 2015இல் சொந்தமாக ஒரு படத்தை எடுத்து வெளியிட்டார்கள்.